கரண்ட் போனால் சோலார் எரியுமா? கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு வீட்டு மின்சார வழிகாட்டி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கமாகக் கரையைக் கடந்தது. எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டு எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, தெருவுக்கே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. மழை விட்டு, சுள்ளென்று இல்லாவிட்டாலும் ஓரளவு வெயில் வந்தது. மாடிக்குப் போய்ப் பார்த்தால் ஆறு பேனலும் கழுவித் துடைத்த மாதிரி பளபளவென்று இருக்கின்றன, கீழே வீட்டில் ஒரு பல்பு எரியவில்லை. அம்மா விசிறிக்கொண்டே கேட்டார்: "மாடி முழுக்கத் தகடா அடுக்கி வெச்சிருக்க, ஒரு ஃபேன் ஓடலையேடா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ரிப்பேர் என்று நினைத்து, போட்டுக்கொடுத்தவருக்குப் போன் அடித்தேன். அவர் சிரித்துவிட்டு, "சார், அது ஆன்கிரிட். ஈ.பி. இருந்தாத்தான் அதுவும் இருக்கும்" என்றார். இதை எட்டு மாதம் முன்னால், கையெழுத்து வாங்கும்போது சொல்லியிருக்கலாம்.

அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: பில் குறைய வேண்டும் என்பது ஒரு தேவை, கரண்ட் போனபோது வீட்டில் வெளிச்சம் வேண்டும் என்பது வேறு தேவை. இரண்டுக்கும் கருவி வேறு, செலவு வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு கடைக்குப் போனால், கடைக்காரருக்கு எது வசதியோ அதுதான் உங்கள் மாடிக்கு வரும். தானே புயல், ஃபெஞ்சல் புயல் இரண்டையும் பார்த்த ஊர் நம்முடையது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் வந்தபோது கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து பல ஊர்களில் வாரக்கணக்கில் இருட்டு. நெய்வேலி பக்கத்திலேயே இருந்து என்ன, அங்கிருந்து வரும் கம்பி அறுந்துவிட்டால் நமக்கு அது டெல்லியில் இருப்பதும் ஒன்றுதான்.

காற்றாலை வைக்கலாமா, தண்ணீரில் எடுக்கலாமா?

கேட்பார்கள், அதனால் முதலிலேயே முடித்துவிடுகிறேன். கடற்கரை ஊர், காற்று அடிக்கிறதே, மாடியில் சின்னக் காற்றாடி வைத்தால் என்ன என்று எனக்கும் தோன்றியது. காற்றிலிருந்து வரும் மின்சாரம் காற்றின் வேகத்தோடு நேராக ஏறுவதில்லை, மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிவிடும். முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் குவிந்திருப்பதற்குக் காரணம், ஆரல்வாய்மொழிக் கணவாய் காற்றைப் பிடித்து ஒரே பக்கமாகத் தள்ளுவதுதான். நம் ஊரில் கணவாய் கிடையாது. சாயங்காலக் கடற்காற்று உட்கார்ந்து சுண்டல் சாப்பிட நன்றாக இருக்கும், மீட்டர் ஓட்டாது. அதிலும் மொட்டை மாடியில், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் தென்னை மரத்துக்கும் நடுவில் சுழன்று வரும் காற்றில் காற்றாடி தடுமாறித்தான் சுற்றும், தளமும் அதிரும். சுற்றிலும் தடையில்லாமல் உயரக் கம்பம் நடும் இடம் இருந்து, வருஷம் முழுக்க வேகத்தை அளந்து பார்த்தவர்களுக்கு வேண்டுமானால் சரி.

தண்ணீர் மின்சாரத்துக்கு உயரத்திலிருந்து தண்ணீர் விழ வேண்டும். கெடிலமும் பெண்ணையாறும் நம்மிடம் வரும்போது தட்டையாகப் படுத்துவிடுகின்றன, வருஷத்தில் பாதி நாள் மணல்தான் தெரியும். விட்டுவிடுங்கள்.

ஆக, நம் பக்கத்துக்கு சோலார். மாடு இருக்கிற வீட்டுக்கு சாண எரிவாயு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஈ.பி. கார்டை எடுங்கள்

பேனல் எத்தனை வேண்டும் என்று கடையில் கேட்காதீர்கள், உங்கள் பழைய பில்லைக் கேளுங்கள். ஒரு வருஷத்துக்கான யூனிட் கணக்கை ஒரு தாளில் எழுதுங்கள். மே மாதமும் டிசம்பரும் ஒன்றாக இருக்காது, ஏசி இருக்கும் வீட்டில் இரண்டு மடங்குகூட வித்தியாசம் வரும்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு குழப்பம் உண்டு. தமிழ்நாட்டில் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, புதுச்சேரியில் மாதாமாதம். என் மச்சான் பாகூரில் இருக்கிறார், அது புதுச்சேரி. "எனக்கு 300 யூனிட் ஆகுது, உனக்கு 620 ஆகுதே, அப்படி என்னத்தடா ஓட்டுறீங்க?" என்று ஒரு வருஷம் கிண்டல் செய்துகொண்டிருந்தார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே செலவு. பக்கத்து ஊர்க்காரர் எத்தனை கிலோவாட் போட்டார் என்று பார்த்து நீங்களும் போடுவதற்கு முன்னால், அவர் எல்லைக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

கணக்கு எளிது. நம் பக்கம் 1 கிலோவாட் பேனல் வருஷ சராசரியில் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். மார்ச், ஏப்ரலில் கூடுதலாகவும் வடகிழக்குப் பருவமழையில் குறைவாகவும் வரும், அடைமழை நாளில் ஒரு யூனிட்டைத் தொட்டாலே பெரிது. எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 620 என்றால் நாளைக்குப் பத்துச் சொச்சம், அதற்கு 3 கிலோவாட் போதும்.

தமிழ்நாட்டுக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500ஐத் தாண்டினால் மேல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழ்ப்படியில் மலிவாக இருந்த யூனிட்டும் சேர்ந்து ஏறுகிறது. சோலாரின் லாபம் முழுக்க அந்த மேல்படிகளைத் துண்டிப்பதில்தான் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் ஓடும் வீடு என்றால் பில் சுமார் இருநூறு ரூபாய்தான். அந்த வீட்டுக்கு, பில்லுக்காக என்று சோலார் போடச் சொல்கிறவர் உங்கள் நலனுக்காகப் பேசவில்லை. பழைய ஃபேனை மாற்றுங்கள், போதும். சாதா சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் பக்கம்தான்.

மாடிக்கு ஏறிப் பாருங்கள், மூன்று தடவை

காலை ஒன்பது, மதியம் பன்னிரண்டு, சாயங்காலம் நான்கு. ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொண்டு போய் நிழல் விழும் இடத்தைத் தரையில் கோடு போடுங்கள். முடிந்தால் டிசம்பரில் ஒரு தடவையும் செய்யுங்கள், அப்போது சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால் நிழல் நீளும். பேனல்களைத் தொடர்வரிசையில்தான் கோப்பார்கள். ஒரு பேனலில் ஒரு ஓரத்தில் தென்னங்கீற்று நிழல் விழுந்தால் அந்த ஓரம் மட்டும் குறையும் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் குறுகலான குழாயில் அடைப்பு மாதிரி வரிசையின் ஓட்டத்தையே அது பிடித்து இழுக்கும். எங்கள் வீட்டில் பின்பக்கத்து வீட்டுத் தென்னை நாலு மணிக்கு மேல் இரண்டு பேனலை மூடுகிறது. மரத்தை வெட்டச் சொல்ல முடியுமா, அவர்கள் இளநீர் கொடுக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியையாவது வடக்குப் பக்கம் மாற்றிவிடலாம், அது நம் கையில் இருக்கிறது.

1 கிலோவாட்டுக்கு நிழல் இல்லாத 100 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பேனல் தெற்கு பார்க்க வேண்டும். நம் ஊர் அட்சரேகை 12 டிகிரி பக்கம், அதனால் சாய்வும் 10 முதல் 15 டிகிரி போதும். வடநாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு 30 டிகிரிக்கு நிமிர்த்தி வைக்காதீர்கள், இங்கே அது புயலுக்குப் பாய் விரித்துக் கொடுப்பது மாதிரி. கிழக்கு மேற்காகத்தான் இடம் இருக்கிறதென்றாலும் மனம் தளர வேண்டாம், இவ்வளவு குறைந்த சாய்வில் இழப்பு பெரிதாக இருக்காது.

தளம் கான்கிரீட் என்றால் கவலை இல்லை. புதுச்சேரியில் பழைய வீடுகளில் மரக்கட்டைமேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் இன்னும் இருக்கிறது. அங்கே கட்டடம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் ஒரு ஆணிகூட இறக்காதீர்கள்.

ஆன்கிரிட், ஆஃப்கிரிட், ஹைபிரிட்

ஆன்கிரிட்டில் பேட்டரி கிடையாது. பகலில் பேனல் தரும் மின்சாரம் வீட்டுக்குப் போய், மிஞ்சியது ஈ.பி. கம்பிக்குப் போகும், ராத்திரி அங்கிருந்து எடுத்துக்கொள்வோம், இரண்டு பக்கமும் எண்ணும் நெட் மீட்டர் வைத்திருப்பார்கள். இதுதான் விலை குறைவு, பில்லுக்கு இதுதான் சரி. ஈ.பி. போனால் இதன் இன்வெர்ட்டர், அதாவது பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி, தானாக நின்றுவிடும், கோளாறினால் அல்ல, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். தெருவில் லைன்மேன் கம்பத்தில் ஏறி நிற்கும்போது உங்கள் மாடியிலிருந்து கரண்ட் போய் அவர்மேல் பாயக் கூடாதே. இந்தக் காரணம் தெரிந்த பிறகு அம்மாவுக்கும் கோபம் கொஞ்சம் தணிந்தது.

ஆஃப்கிரிட் என்றால் ஈ.பி.யோடு கொடுக்கல் வாங்கல் இல்லை, பேனலும் பேட்டரியும் மட்டும். தோப்பு வீடு, மோட்டார் கொட்டகை மாதிரி கம்பி வராத இடத்துக்குச் சரி. ஊருக்குள் இருக்கும் வீட்டுக்கு வீண்செலவு, பேட்டரி நிறைந்த பிறகு வரும் வெயில் எல்லாம் சும்மா போகும்.

ஹைபிரிட் இரண்டும் செய்யும். ஈ.பி. இருக்கும்போது கொடுத்து வாங்கும், போனால் வீட்டைத் தெருவிலிருந்து துண்டித்துக்கொண்டு பேட்டரியிலும் பேனலிலும் ஓட்டும். நான் இப்போது இதற்கு மாறிவிட்டேன், இரண்டு தடவை செலவு செய்து. முதலிலேயே தெரிந்திருந்தால் ஆன்கிரிட் இன்வெர்ட்டர் காசு மிஞ்சியிருக்கும். கையில் இப்போது பணம் இல்லை என்றாலும், பேட்டரியைப் பிறகு சேர்க்கக்கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டரை முதலிலேயே வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

பேட்டரி எவ்வளவு வேண்டும்? புயல் ராத்திரிக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கணக்குப் போடுங்கள், வீடு முழுவதுக்கும் போடாதீர்கள். எங்கள் கணக்கு இது: 30 வாட் ஃபேன் மூன்று, பத்து மணி நேரம், 0.9 யூனிட். 9 வாட் பல்பு ஐந்து, ஐந்து மணி நேரம், கால் யூனிட்டுக்கும் கொஞ்சம் கீழே. போன் சார்ஜும் வைஃபையும் சேர்ந்து 0.2. ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு ஒரு யூனிட். எல்லாம் சேர்த்து இரண்டரைக்குள். ஏசி இந்தப் பட்டியலில் இல்லை, மோட்டாரும் இல்லை. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது முக்கால் கிலோவாட் என்றாலும், கிளம்பும் அந்த நொடியில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும், சின்ன இன்வெர்ட்டர் 'டப்' என்று விழுந்துவிடும். எங்கள் வீட்டில் இந்தப் பரிசோதனையும் நடந்தது.

கடையில் 150 ஏ.எச். (ஆம்பியர்-அவர்) டியூபுலர் பேட்டரி, அதாவது ஈய பேட்டரி, ஒன்றைக் காட்டுவார்கள். 12 வோல்ட்டை 150ஆல் பெருக்கினால் 1.8 யூனிட். ஆனால் ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும், ஆகவே கையில் கிடைப்பது 0.9. இரண்டரை யூனிட்டுக்கு மூன்று பேட்டரி. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் எண்பது, தொண்ணூறு சதவீதம் வரை எடுக்கலாம், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலையும் இல்லை, விலைதான் கண்ணைக் கட்டும். நான் 5 யூனிட் லித்தியம் வைத்தேன். வெயில் சுத்தமாக இல்லாவிட்டாலும் ஏறக்குறைய இரண்டு ராத்திரி தாங்கும்.

உப்புக்காற்றும் புயலும்: காசை இங்கே போடுங்கள்

பேனலில் எந்தக் கம்பெனி என்று ஆளாளுக்குச் சண்டை போடுவார்கள். மோனோ பெர்க், டாப்கான் என்று பேனலில் இரண்டு வகை வரும், இரண்டும் நன்றாகவே இருக்கும். டாப்கான் சூட்டில் கொஞ்சம் குறைவாக இழக்கும், மே மாத மதியத்தில் பேனல் 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும் என்பதால் அது நமக்கு நல்லதுதான். உப்புக்காற்றுச் சோதனைச் சான்றிதழ் உண்டா என்று மட்டும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதோடு பேனல் பேச்சை முடித்துக்கொள்ளலாம். நம் ஊரில் பேனல் கெட்டு நான் பார்த்ததில்லை, அதைத் தாங்கும் இரும்புதான் கெடுகிறது.

தேவனாம்பட்டினத்தில் நண்பர் வீட்டு மாடியில் ஒரு போல்ட்டைக் காட்டினார். போட்டு ஒரு மழைக்காலம்தான் கடந்திருந்தது. தலை முழுக்க செங்காவி நிறம், நகத்தால் சுரண்டினால் பொரி பொரியாக உதிர்கிறது. பக்கத்திலேயே அலுமினிய கிளாம்ப் பளிச்சென்று இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆறு ரூபாய் சாமான் அரித்துப்போயிருக்கிறது. மொத்தச் செலவு இரண்டு லட்சம், அதை மாடியில் நிறுத்தி வைத்திருப்பது அந்த ஆறு ரூபாய்.

ஆகவே ஒப்பந்தத் தாளில் இவை எழுத்தில் இருக்க வேண்டும். ஸ்டாண்டு ஹாட் டிப் கால்வனைஸ் செய்த (உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த) இரும்பு, துத்தநாகப் பூச்சு 80 மைக்ரான். வெல்டிங், துளை எல்லாம் பூச்சுக்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும், மாடியில் வைத்து வெட்டி வெள்ளிப் பெயின்ட் அடித்தால் திருப்பி அனுப்புங்கள். நட்டு போல்ட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 304 தரம், கடலுக்கு மிக அருகில் என்றால் 316. காந்தம் ஒட்டிப் பார்த்து ஏமாற வேண்டாம், பில்லில் தரத்தை எழுதி வாங்குங்கள்.

காற்று வேகத்துக்கு இந்தியத் தரக் குறிப்பு நம் கடற்கரைக்குச் சொல்வது வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். ஸ்டாண்டு இதற்குத் தாங்கும்படி வடிவமைத்திருக்கிறதா என்று கேளுங்கள். பேனலைக் காற்று அழுத்துவதைவிட அடியில் புகுந்து தூக்குவதுதான் ஆபத்து. தாழ்வாக இருந்தால் நல்லது. ஆனால் எல்லோருக்கும் எட்டடி உயரத்தில் பந்தல் மாதிரி வேண்டும், கீழே துணி காயப்போடலாம், வடாம் பிழியலாம் என்று ஆசை. நானும் அப்படித்தான் ஆசைப்பட்டேன், அம்மாவின் வடாம் பெரிய விஷயம். உயரமாகத்தான் வேண்டும் என்றால் கால்களை அதிகமாக்கி, குறுக்குக் கம்பி கொடுத்து, அடியைத் தளத்தோடு கெமிக்கல் ஆங்கரில் (துளைக்குள் பசை விட்டு இறுக்கும் போல்ட்டில்) பிடிக்க வேண்டும், செலவு கூடும். செலவைக் குறைத்து உயரத்தை மட்டும் வைத்துக்கொள்வது வேண்டாம்.

ஒயரிங்கில் நாலு விஷயம்

ஆறு பேனலைத் தொடர்வரிசையில் கோத்தால் 300 வோல்ட் பக்கம் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம், வரும். அந்த ஷாக் உயிருக்கே ஆபத்து. கனெக்டரை ஓடும்போது பிடுங்கினால் வரும் தீப்பொறி அணையாமல் நீளும். "நானே பார்த்துக்கறேன்" என்கிற ஆசாமிகள் இதைத் தொட வேண்டாம், நான் எல்லா வேலையையும் நானே செய்கிற ஆள், இதைத் தொடவில்லை.

எர்த் குழி மூன்று: டிசி பக்கத்துக்கு ஒன்று, ஏசி பக்கத்துக்கு (குளிரூட்டும் ஏசி அல்ல, இன்வெர்ட்டரிலிருந்து வீட்டுக்குப் போகும் மின்சாரம்) ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று. ஒன்றிலேயே மூன்றையும் சேர்த்துக் கட்டிவிட்டுப் போகப் பார்ப்பார்கள், பக்கத்தில் நின்று எண்ணுங்கள். உப்பு மண்ணில் எர்த் நன்றாகவே கிடைக்கும், ஆனால் சாதா இரும்புக் குழாய் சீக்கிரம் அரித்துவிடும், செம்பு பூசிய கம்பி கேளுங்கள். டிசி, ஏசி இரண்டு பக்கமும் சர்ஜ் பாதுகாப்பு (இடி மின்னலில் திடீரென்று ஏறும் வோல்டேஜைத் தடுப்பது) இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் வைக்கும் இடம். ஃபெஞ்சலுக்கு அடுத்து சாத்தனூர் அணை திறந்து பெண்ணையாற்று வெள்ளம் வந்ததே, அந்தத் தண்ணீர்க் கோடு உங்கள் சுவரில் இன்னும் தெரிந்தால் அதற்கு இரண்டடி மேலே வையுங்கள். கோடு தெரியாதவர்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள். வண்டி நிறுத்தும் இடத்தில், மாடிப்படிக்குக் கீழே, தரையோடு தரையாக பேட்டரி வைப்பது நம் ஊரில் வழக்கம். அந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள். மேற்கு வெயில் படும் சுவரிலும் வேண்டாம்.

விண்ணப்பமும் மானியமும்

2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டத்தில் வீடுகளுக்கு மானியம் உண்டு. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000, ஆக 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய்தான் உச்சம். பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவில் தயாரானதாக இருக்க வேண்டும். பேட்டரிக்கு மானியம் இல்லை. சோலார் சாமான்களுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, பழைய கொட்டேஷனை நீட்டுகிறவரிடம் இதை ஞாபகப்படுத்துங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. ஈ.பி. இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பாதி வீடுகளில் அது தாத்தா பெயரில்தான் இருக்கும், தாத்தா போய் இருபது வருஷம் ஆகியிருக்கும். விண்ணப்பம், வங்கிக் கணக்கு, இணைப்பு மூன்றிலும் பெயர் பொருந்தாவிட்டால் மானியம் நடுவழியில் நின்றுவிடும். பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள், சோலாரைப் பற்றி யோசிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

பிறகு திட்டத்தின் இணையதளத்தில் உங்கள் மின் இணைப்பு எண்ணைப் போட்டுப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் மின்வாரியத்தையும் புதுச்சேரிக்காரர்கள் அங்குள்ள மின்துறையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியல் அதிலேயே இருக்கும், அதில் மூன்று பேரிடமாவது கொட்டேஷன் வாங்குங்கள். வேலை முடிந்ததும் நெட் மீட்டருக்கு விண்ணப்பம், ஆய்வு, மீட்டர் மாற்றுவது, அப்புறம் வங்கி விவரமும் ரத்து செய்த காசோலையும் ஏற்றினால் பணம் உங்கள் கணக்குக்கே வரும். "மானியத்தை நாங்க கழிச்சுக்கறோம், ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்க" என்று யாராவது சொன்னால் சொல்லாதீர்கள்.

நெட் மீட்டர் மாட்டாமல் இன்வெர்ட்டரை ஓட்டிப் பார்க்கலாமே என்று கை பரபரக்கும். பழைய மீட்டர் சில, வெளியே போகும் யூனிட்டையும் நீங்கள் செலவழித்ததாகவே எண்ணிவிடும். காத்திருங்கள்.

செலவு எவ்வளவு? சாதா ஆன்கிரிட் 3 கிலோவாட் சுமார் இரண்டு லட்சத்துக்குள், மானியம் போக ஒரு லட்சத்துச் சொச்சம். எங்கள் பழைய பில் இரண்டு மாதத்துக்கு மூவாயிரம் பக்கம், ஆக ஆறேழு வருஷத்தில் போட்ட காசு திரும்பும். பேட்டரி சேர்த்தால் அது காசு திரும்பும் கணக்கில் வராது, அதை இன்சூரன்ஸ் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு, புயல் நாள்

கோடையில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, சூரியன் ஏறும் முன் மெல்லிய துணியால் துடைத்துக் கழுவுங்கள். கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் வேண்டாம். கடற்கரைப் பக்கத்து போர் தண்ணீர் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உப்பு படியும், அதனால் மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதுதான் உத்தமம். காக்கா எச்சத்தை விட்டு வைக்காதீர்கள், அதுவும் நிழல்தான்.

புயல் அறிவிப்பு வந்ததும் போல்ட்டுகளைக் கையால் அசைத்துப் பாருங்கள், மாடியில் கிடக்கும் ஓடு, தகரம், பூந்தொட்டி எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள். பேனலை உடைப்பது பெரும்பாலும் பறந்து வரும் பக்கத்து வீட்டுச் சாமான்தான். பேனலைக் கழற்ற முயல வேண்டாம், ஒன்று 27, 28 கிலோ இருக்கும், காற்றில் கையில் பிடித்தால் பட்டம்தான். தண்ணீர் வீட்டுக்குள் ஏறும் போல இருந்தால் இன்வெர்ட்டரின் ஏசி பிரேக்கரை (வீட்டுப் பக்கத்து சுவிட்சை) முதலில், டிசி ஐசொலேட்டரை (பேனல் பக்கத்து சுவிட்சை) அடுத்து அணைத்துவிடுங்கள். நனைந்த இன்வெர்ட்டரை காய்ந்துவிட்டது என்று நீங்களே போடாதீர்கள்.

எல்லாவற்றையும் கரண்டாக மாற்ற வேண்டியதில்லை

ஆரோவில் சோலார் கிச்சன் மாடியில் 15 மீட்டர் விட்டமுள்ள ஒரு பெரிய கிண்ணம் இருக்கிறது, உள்பக்கம் முழுக்கக் கண்ணாடித் துண்டுகள். கிண்ணம் அசையாது, வெயில் குவியும் இடத்தில் இருக்கும் கொதிகலன் தண்டுதான் சூரியனைப் பின்தொடர்ந்து நகரும், அங்கே உண்டாகும் நீராவியில் கீழே சமைப்பதற்காகக் கட்டியது. மின்சாரம் கிடையாது. வெயிலைக் கரண்டாக்கினால் ஐந்தில் ஒரு பங்கு சொச்சம்தான் கையில் நிற்கும், சூடு மட்டும் வேண்டும் என்றால் நேராக எடுத்துக்கொள்வதே லாபம். குளிக்க வெந்நீர், கருவாடு, முந்திரி காயவைக்கும் கூடாரம் எல்லாம் இந்த வகை. முதுநகர் பக்கம் கருவாடு போடுகிறவர்களுக்கு, மணலில் பரப்பி நாயையும் ஈயையும் விரட்டுவதைவிட மூடிய சோலார் உலர்த்தி எவ்வளவோ மேல்.

பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் விவசாயிகள் சோலார் பம்ப்புக்கு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் மானியம் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆழ்துளைக் கிணற்றின் ஆழத்தையும் தண்ணீர் மட்டத்தையும் கோடையில் அளந்து வைத்துக்கொண்டு போங்கள், மழைக்காலத்து அளவை வைத்து மோட்டார் வாங்கினால் மே மாதம் வெறும் காற்றுதான் வரும்.

மாடு இருக்கிற வீட்டுக்கு இனி சொல்கிறேன். சாண எரிவாயுத் தொட்டியில் 1 கன மீட்டர் வாயுவுக்கு நாளைக்குச் சுமார் 25 கிலோ சாணம் வேண்டும். நாலைந்து மாடு இருந்தால் 2 கன மீட்டர் தொட்டி, ஒரு குடும்பத்தின் அடுப்புக்கு அது போதும். 1 கன மீட்டர் ஏறக்குறைய 430 கிராம் சிலிண்டர் கேஸுக்குச் சமம். ஜெனரேட்டர் ஓட்டி மின்சாரமும் எடுக்கலாம், ஆனால் ஒரு கன மீட்டருக்கு ஒன்றரை, இரண்டு யூனிட்தான் தேறும், வாயுவில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ஜினையும் அரிக்கும். நாலைந்து மாட்டுக்கு அடுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள், பெரிய பண்ணைக்குத்தான் மின்சாரம்.

குறிஞ்சிப்பாடியில் அத்தை வீட்டில் தொட்டி கட்டியபோது கூட இருந்தேன். சாணத்துக்குச் சம அளவு தண்ணீர், வைக்கோல் துணுக்கு, கல் இல்லாமல் கையால் கரைத்து ஊற்ற வேண்டும். கொட்டகைக் கழுவலில் பினாயில் கலந்தால் உள்ளே வேலை செய்யும் கிருமிகள் செத்துவிடும், அதைத் தனி வாய்க்காலில் விடுங்கள். வாயு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். முதலில் வருவது எரியாது, காற்றும் கரியமில வாயுவும் கலந்திருக்கும், பக்கத்தில் தீ இல்லாமல் பார்த்துக்கொண்டு வெளியே விட்டுவிட வேண்டும். அத்தை இரண்டு தடவை தீக்குச்சி வீணாகி, "காசு போச்சுடா" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது தடவை பிடித்தது, ஆனால் சிலிண்டர் அடுப்பில் வைத்ததால் சுடர் குட்டியாக நடுங்கியது. சாண வாயுவுக்கு ஓட்டை பெரிதாக உள்ள பர்னர் வேண்டும். அதை மாற்றிய பிறகு நீலமாக நின்று எரிந்தது. வெளியே வரும் கழிவுக் குழம்பு தோட்டத்துக்கு உரம், பலா மரத்தடிக்கு அத்தை அதைத்தான் ஊற்றுகிறார்.